இருநூறாவது செல்

எலும்பு மஜ்ஜை ஸ்லைடில் இருநூறு செல்களை எண்ணினால்தான் எங்கள் லேபில் ரிப்போர்ட் போகும். நான் நூற்றுத் தொண்ணூற்றொன்பதை எண்ணிவிட்டேன். அடுத்து அகப்பட்ட வெள்ளையணு ஒரு பெரிய செல்லுக்குள் இருந்தது.

மஜ்ஜையிலேயே பெருத்த உடம்புக்காரி அந்தப் பெரிய செல். தன் உடம்பைத் துண்டு துண்டாகப் பிய்த்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களாக வெளியே விடுவதுதான் அவள் பிழைப்பு. சில வெள்ளையணுக்கள் அவளுக்குள் புகுந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வந்துவிடும். அவளும் தின்னமாட்டாள், இவனும் கடிக்கமாட்டான். இப்படிப் போய்வந்தால் தட்டணுக்கள் கூடுதலாக உதிரும் என்கிறார்கள். நம் ஆள் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தான்.

புதிதாக வந்திருந்த தலைமை டாக்டர் குனிந்து பார்த்தார்.

"இவன் வெளிய வரட்டும். அப்புறம் எண்ணுங்க."

"சார், இது காய வெச்சு சாயம் போட்ட ஸ்லைடு. எல்லாமே செத்துப்போச்சு."

"அது அவன் பாடு. அடுத்தவங்க வீட்டுக்குள்ள இருக்கறவனை எண்ணக் கூடாது."

"பக்கத்துல இருக்கறதை எண்ணிக்கறேன் சார்."

"பாத்துட்டு, பாக்காத மாதிரி போறதா? என்ன பழக்கம் இது?"

அவரோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான். நாங்கள் மூன்று பேர் முறைபோட்டுக் காவல் இருந்தோம். அரை மணிக்கொரு தரம் நோட்டில் "வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இரண்டாம் நாள் ஒருத்தி, அவன் அசைந்ததாகச் சொல்லி எல்லோரையும் ஓடிவரச் செய்தாள். அசைந்தது அவளுடைய கண்ணிமை.

ஸ்லைடுக்குச் சொந்தக்காரர் ஒரு தையல்காரர். மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு வெளி பெஞ்சிலேயே இருந்தார். தட்டணுக்கள் தரைதட்டிப்போய், மூக்கிலிருந்து ரத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ரிப்போர்ட் கைக்கு வராமல் மருந்தைத் தொடமாட்டேன் என்று வார்டு டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் காலை தையல்காரர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையைப் பிடித்து நேரே தலைமை டாக்டர் முன்னால் கூட்டிவந்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தேன்.

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள இருக்கற இவனை எண்ணக் கூடாதுன்னு சார் சொல்றாரு. அதாலதான் உங்க ரிப்போர்ட் நிக்குது."

தையல்காரர் நெடுநேரம் பார்த்தார். "இது யாரோட மஜ்ஜை?"

"உங்களோடதுதான்."

"அப்ப வீடும் என்னோடது, உள்ள இருக்கறவனும் என் ஆளு. எங்க வீட்ல யாரு எந்த ரூம்ல இருந்தா சாருக்கு என்ன?"

தலைமை டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒருவர் பேசுவதற்காகத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தவர் போல இருந்தது அவர் முகம்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. வீட்டுக்காரர் சம்மதம்னு எழுதிக் குடுங்க."

தையல்காரர் எழுதினார். எழுதும்போதே காகிதத்தில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. தலைமை டாக்டர் அதன் மேலேயே சீல் குத்தி, "இருநூறு" என்றார், ஏதோ அவரே பெற்றெடுத்த மாதிரி.

வார்டுக்குப் போக சக்கர நாற்காலி வந்தது. ரிப்போர்ட்டை மடியில் வைத்தேன். தையல்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவன் இனிமே வெளிய வரவே மாட்டானா மேடம்?"

"கண்ணாடில இருக்கறவன் வரமாட்டான். உங்க எலும்புக்குள்ள இருக்கறவங்க இப்பவும் போயிட்டு வந்துட்டுதான் இருப்பாங்க."

"இந்த மூணு நாளும்?"

"இந்த மூணு நாளும்."

அவர் பஞ்சை மாற்றிக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

"பரவால்ல. அவங்களாவது எனக்காக வேலை பாத்திருக்காங்க."