குப்புறக் கிடந்த சிலுவை

சாக்கடை வேலையைப் பார்க்கும் என்ஜினியர் கொடுத்தது பத்தே நிமிடம். அதற்குள் பழங்காலத்துக் கல் என்று நிரூபிக்காவிட்டால், பள்ளம் தோண்டும்போது தட்டுப்பட்ட அந்தக் கல் ஜல்லியாகிச் சாக்கடைக்குள் போய்விடும்.

"ஆகுமா அண்ணி?" மண்வாரி இயந்திரத்தின் இருக்கையிலிருந்து கேட்டான் கொழுந்தன்.

"நீ கையைக் காலை ஆட்டாம உக்காரு. அதுவே பெரிய உதவி."

அண்ணிக்கு அருங்காட்சியகத்தில் வேலை. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தட்டி, மை ஒற்றினால், செதுக்கிய பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். அப்படிப் படி எடுப்பவள், நேற்று தன் மானத்தைத் தானே வாங்கிக்கொண்டாள். கல்லின் மேல் இருந்த கூட்டல் குறியைப் பார்த்ததும், "ஆதி காலத்துச் சிலுவை!" என்று மேலதிகாரிவரை போன் போட்டுவிட்டாள். என்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். அது நில அளவைக்காரர்கள் வெட்டிய எல்லைக் குறி.

இன்று அவள் விடவில்லை. பள்ளத்தின் மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த கல்லின் அடியைத் தடவிவிட்டுக் கேட்டாள்: "வெறும் எல்லைக்கல்லுன்னா, மண்ணுக்குள்ள போற பக்கத்தை எவனாவது இழைப்பானா சார்?"

"புரட்டிப் பாத்துடலாமே?"

"இரும்புப் பல்லு பட்டா எல்லாம் போச்சு சார்" என்றான் கொழுந்தன்.

சேற்றில் மல்லாந்து படுத்தாள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தைத் தூரிகையால் துடைத்து, ஈரத்தாளை ஒட்டி, தட்டினாள். முகமெல்லாம் சேறு சொட்டியது.

"காயணும். ரெண்டு நிமிஷம்!"

"நாலுதான் பாக்கி" என்றார் என்ஜினியர்.

"ஊதுங்க அண்ணி, ஊதுங்க! அண்ணனைத் திட்டும்போது வர்ற மூச்செல்லாம் எங்க போச்சு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு மையை ஒற்றினாள். தாளை உரித்தாள். வெளியே வந்து வெயிலில் விரித்தாள்.

மூன்று படிக்கட்டுகள். அவற்றின் மேல் ஒரு சிலுவை. நான்கு முனையிலும் மொட்டு விரிந்திருந்தது. ஓரத்தில் இன்று பழக்கத்தில் இல்லாத எழுத்தில் ஒரு வரி.

"சார், இந்த எழுத்தை எழுதற வழக்கம் நின்னே ஆயிரம் வருஷம் இருக்கும்!"

"ஐநூறு வருஷம் முன்னாடி கப்பல்லதான் இந்த மதம் நம்ம ஊருக்கு வந்துச்சுன்னு படிச்சோமேம்மா?"

"அந்தக் கப்பல் வந்தப்பவே இங்க ஜெபம் நடந்துக்கிட்டு இருந்திருக்கு சார்!"

என்ஜினியர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "டேய், இயந்திரத்தை அணை! சாவியை என்கிட்ட குடு!" என்று கத்தினார். பிறகு தாளின் மேல் குனிந்தார். "வரி பாதியில நிக்குதே. மிச்சம்?"

"இன்னும் உள்ள போகுது. அடுத்த தாளை நனைக்கணும், தண்ணி வேணும்."

வெள்ளைச் சட்டையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு அவரே ஓடினார்.