தலைகீழாகப் பூத்த கற்றாழை

கற்றாழைக்குப் பூக்க வேறு நாளே கிடைக்கவில்லையா? திருநின்றவூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, திருஷ்டிக்காக அதைத் தலைகீழாகக் கட்டி வாசலில் தொங்கவிட்டது. ஒரு வருஷமாகப் பொட்டுத் தண்ணீர் கிடையாது. நேற்றுவரை அதை ஏறெடுத்துப் பார்த்தவர் யாருமில்லை.

இன்றைக்குப் பத்தரை மணிக்குப் பெரம்பூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். கல்யாணமாகி எட்டு வருஷம். ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று என்னைப் படுத்தாத பாடில்லை. உனக்கு ஒரு குறையுமில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். பாக்கி, என் வீட்டுக்காரர் டில்லிபாபு எடுக்க வேண்டிய ஒரே ஒரு டெஸ்ட். அதற்கு அவரைச் சம்மதிக்க வைக்கவே எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. இன்றைக்குத்தான் கம்பெனிக்கு லீவு போட்டிருக்கிறார்.

காலையில் வாசல் தெளிக்கப் போன மாமியார் வேம்புலியம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"டேய் டில்லி, வந்து பாருடா! கத்தாழ பூ வுட்டுக்கீது! நம்ம ஊட்டுக்கு வாரிசு வரப்போவுதுடா!"

எதிர்வீட்டு சரசா பூவைப் பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள்.

"இன்னா அனுசுயா, நாள் எதுனா தள்ளிக்கீதா?"

கையில் வாளி இருந்தது. எப்படியோ பொறுத்துக்கொண்டேன்.

டில்லி செல்போனில் பூவை நாலு பக்கமும் படம் பிடித்தார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார்.

"அதான் பூத்துக்கிச்சே. இன்னும் இன்னாத்துக்கு டாக்டரு?"

"அது பூத்தா நீ டெஸ்ட் எடுத்த மாதிரியா?"

"நல்லது நடக்கசொல்ல ஆஸ்பத்திரி படி ஏறாதீங்க" என்றார் மாமியார், சூடத்தைக் கொளுத்திக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பதரை ட்ரெயினை விட்டால் அவ்வளவுதான், இந்த மனுஷனை மறுபடி கிளப்ப இன்னும் இரண்டு வருஷமாகும். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"உண்மையச் சொல்லு. இன்னா பயம் உனக்கு?"

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் கொறைன்னு சொல்லிட்டா? அப்பறம் தெருவுல எப்பிடி தல காட்டுறது?"

"எட்டு வருஷமா என்னியதான் அப்பிடி சொல்லிகினு கீறாங்க. தெனம் அதே தெருவுலதான் நான் தண்ணி புடிக்கப் போறேன்."

அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.