மஞ்சள் வில்லை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சமாளிப்பு சார் என்றுதான் சொல்வார்கள். பெரிய பையோடு படியேறும்போது யாராவது கை நீட்டினால், "வேணாம், நான் சமாளிச்சுக்குவேன்" என்பார். காய்ச்சலில் நடுங்கினாலும் அதே பதில்தான். முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறர் மாட்டிக்கொண்டால் ஓடுவார். தான் மாட்டிக்கொண்டால் மூச்சு விடமாட்டார்.

இரண்டு வருடமாக அவர் சமாளித்துக்கொண்டிருந்தது மனைவியின் மறதி நோயை. தலைமை ஆசிரியையாக இருந்தவர் என்பதால் ஊருக்கே அவர் டீச்சரம்மா. அக்கம்பக்கத்தில் யாருக்கும் சார் மூச்சுக் காட்டவில்லை. மனைவியிடமும் மறதி என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. போன வாரம் அவர் சோபாவில் உட்கார்ந்தபடியே அசந்துவிட, டீச்சரம்மா கிளம்பிப்போய்ப் பழைய பள்ளியின் வாசலில் நின்று, கேட்டைத் தாமதமாகத் திறந்ததற்காகக் காவலாளியை வறுத்தெடுத்துவிட்டார். அந்த மனுஷன் பயந்துபோய் மன்னிப்புக் கடிதமே எழுதிக் கொடுத்துவிட்டாராம். சாலையில் ஏதாவது ஆகியிருந்தால்? மகள் போனில் கத்தினாள்.

"அப்பா, நீங்க சமாளிச்சது போதும். இந்த மாசத்துக்குள்ள வெளியில உதவி கேளுங்க. இல்லன்னா அம்மாவை முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன்."

மனைவி இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால்தான் நூலக மாடியில் நடக்கும், மறதி நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்குமான கூட்டத்துக்கு இருவரும் வந்திருந்தார்கள். வாய் திறந்து உதவி கேட்பதாக மட்டும் அவருக்கு உத்தேசமில்லை. தலையைக் காட்டிவிட்டு, போய் வந்தேன் என்று மகளிடம் சொல்லிவிடலாம் என்பது திட்டம்.

வாசல் மேசையில் ஒரு நர்ஸ் இருந்தாள். பார்த்துக்கொள்கிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ள நீல வில்லை, மறதி உள்ளவர்களுக்கு மஞ்சள். டீச்சரம்மா கசங்காத புடவையில் நிமிர்ந்து நின்றார். பக்கத்தில் சமாளிப்பு சார், மூன்று நாள் தாடியோடு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

"இவரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றார் டீச்சரம்மா. "சாப்பிட்டாரான்னு கேட்டா அவருக்கே தெரியாது."

நர்ஸ் யோசிக்கவே இல்லை. மஞ்சள் வில்லை சார் சட்டையில் ஏறியது, நீலம் டீச்சரம்மாவின் புடவையில்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணும் இல்லம்மா!"

அந்த நர்ஸ் பாடத்தைக் கரைத்துக் குடித்தவள். மறதி உள்ளவர்களோடு வாதாடக்கூடாது, ஒத்துப்போக வேண்டும் என்பது முதல் பாடம்.

"ஆமா சார், உங்களுக்கு ஒண்ணுமே இல்ல," என்று கனிவாகச் சிரித்தாள். "வாங்க, துண்டு மடிக்கலாம்."

"நான்தாம்மா பாத்துக்கறவன்!"

"எவ்வளவு நல்லாப் பாத்துக்கறீங்க! அப்படியே இந்தத் துண்டையும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

மறதி மனைவிக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதை அவள் காதுபடச் சொல்ல வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டு துண்டு மடிக்கப் போனார்.

பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெற்ற தபால்காரர். மணி என்ன என்று ஆறு தடவை கேட்டார். ஏழாவது தடவை சார் தன் கைக்கடிகாரத்தையே கழற்றி அவர் கையில் கட்டிவிட்டார். "நல்லா இருக்கே, யாருது?" என்றார் தபால்காரர்.

மடக்குத் தட்டிக்கு அந்தப் பக்கம் நீல வில்லைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மாவின் முறை வந்தது. என்ன சொல்லி வைக்கப்போகிறாளோ என்று சார் மடிப்பதை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"இவர் தூங்கறதே இல்ல," என்றது அந்தக் குரல். "வாசக்கதவுக்குக் குறுக்க நாற்காலி போட்டு உக்காந்துக்கறார். எதுக்குன்னு கேட்டா காத்துக்குன்னு சொல்றார். கதவு மூடியிருக்கு, காத்து எங்கேர்ந்து வரும்? குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறார். எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு."

யாரோ நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார்கள். டீச்சரம்மா தொடர்ந்தார்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களை எப்படித் திட்டுவார் தெரியுமா? அலாரம் பட்டன் எதுக்கு இருக்கு, கதவை நோண்டி ஏன் விரலை நசுக்கிக்கறீங்கன்னு. இப்ப அவரே உள்ள நின்னு நோண்டிக்கிட்டிருக்கார். பட்டனை அழுத்த மாட்டேங்கறார். இவருக்கு யாராவது ஏதாவது செய்யுங்களேன்."

கையில் துண்டு இருந்தது நல்லதாகப் போயிற்று. சமாளிப்பு சார் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். காலையில் மகள் பேசியதை மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிறவள், இதை மட்டும் எங்கே பத்திரமாக வைத்திருந்தாள்? அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பெரிய ஆறுதலாக இருந்தது.

நர்ஸ் படிவத்தை எடுத்தாள். "வாரத்துல ரெண்டு மத்தியானம், திங்களும் வியாழனும், சாரை இங்க விடலாம்மா. முகவரி சொல்லுங்க."

டீச்சரம்மா பள்ளியின் முகவரியைச் சொன்னார். "சீக்கிரம் எழுதும்மா. ரெண்டாவது பெல் அடிச்சிடும், நான் வகுப்புக்குப் போகணும்."

நர்ஸின் பேனா நின்றது. தட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். "சார், மன்னிச்சிடுங்க. நீங்க சொல்லச் சொல்ல நான்தான் கேக்கல. வில்லையை மாத்திடறேன்."

அவர் மஞ்சள் வில்லையைக் கையால் மூடிக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. படிவத்துல ரெண்டு பேரையும் எழுதிக்கோ. என்னால..." கையிலிருந்த துண்டை மடித்து வைத்தார். "என்னால சமாளிக்க முடியல."

பின்னாலேயே வந்த டீச்சரம்மா, அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார். பிறகு நர்ஸிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வியாழக்கிழமை நானே கூட்டிட்டு வரேன். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு அடம் பிடிப்பார். நீங்க வாதாடாதீங்க."

"சரிங்க டீச்சர்," என்றாள் நர்ஸ்.