கல்நத்தைக்கு எத்தனை முழங்கை

1

இந்தக் கதை பாடாலூர் டீக்கடையில் திருடியது. பஸ் நின்ற பத்து நிமிடத்தில் எதிர் பெஞ்சில் ஒருவரைப் பார்த்தேன். இடது கையில் டீ கிளாஸ். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே அந்தக் கை இன்னொரு முறை வளைந்திருந்தது. வலது கை, மடியிலிருந்த டைரியில் ஏதோ வரைந்துகொண்டிருந்தது. பேர் கேட்கவில்லை. அறிவழகன் என்று நானே வைத்து, மீன்சுருட்டியில் ஒரு வீடும் கொடுத்துவிட்டேன்.

ஆனால் கதை அவருடையதல்ல. வெற்றிச்செல்வியுடையது.

2

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் வெற்றிச்செல்வி

(வேண்டாம். பெரம்பலூர் மழையை நம்பிக் கதையைத் தொடங்கினால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.)

வெற்றிச்செல்வி பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஓய்ந்த நேரத்தில் காமிக்ஸ் படித்து, தன் பேரோடு ஆஸ்பத்திரிப் பேரையும் போட்டு இணையத்தில் விமர்சனம் எழுதுவாள். அந்த வாரம் கையில் கிடைத்தது 'கல்நத்தை', மூன்றாம் இதழ். லாரி டிரைவர் சிங்காரவேலு, அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் கல்லாய்ப்போன கடல்நத்தையைத் தொட்டுவிடுகிறான். அன்றிலிருந்து ஆபத்தென்றால் உடம்பைச் சுருட்டி உருண்டு பாறையையும் பிளக்கிறான். எழுதி வரைந்தவர் அறிவழகன்.

அவள் எழுதினாள்:

"ஐந்து, ஆறாம் பக்கங்களில் வசனமே இல்லை. வெறும் புள்ளிகளால் சுண்ணாம்புத் தூசியைக் கிளப்பியிருக்கிறார். எனக்குத் தும்மல் வந்தது. ஆனால் பள்ளி வேன் தண்ணீருக்குள் சரியும்போது வில்லன் நின்று மூன்று பக்கத்துக்குத் தன் திட்டத்தை விளக்குகிறான். அதற்குள் வேன் மூழ்கிப் பாசி பிடித்திருக்கும். கடைசியாக ஒன்று: நாயகனின் இடது கையில் இரண்டு முழங்கைகள்! தினமும் நாற்பது கை பார்க்கிறவள் சொல்கிறேன், நாயகனுக்கு இப்படி ஒரு கை இருக்க முடியாது."

புள்ளிகளை யாரும் கவனிக்கவில்லை. கடைசி வரி பரவியது. யாரோ கல்நத்தைக்கு எட்டுக் கை வரைந்து, கைக்கு நாலு முழங்கை வைத்து அனுப்பினார்கள். அவளும் சிரித்தாள்.

3

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அறிவழகன் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றார்.

(முதல் வரைவில் அவர் மேசையைத் தட்டிக் கத்தினார். பாடாலூரில் டீயை அப்படி ஊதி ஊதிக் குடித்த மனிதர் கத்துவார் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

"சீட்டு குடுங்க. எந்தக் கை?" என்றாள், நிமிராமல்.

"சீட்டு இல்லீங்க மேடம். நான் கல்நத்தை வரையறவன்."

சட்டைக் கையை மடித்துவிட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"ஏழாவது படிக்கிறப்ப மரத்துலேர்ந்து வுழுந்தேன். கட்டுப் போட்டாங்க, இப்படியே சேந்துக்கிச்சு. வரையறதுக்கு வேற ஆளு கெடைக்கலீங்க. கண்ணாடி முன்னாடி நின்னு என்னையேதான் வரையறேன்."

உடைந்து கோணலாகச் சேர்ந்த கைகளை அவள் வாரத்துக்கு இரண்டையாவது பார்ப்பாள். நாயகனுக்கு அப்படி இருக்கலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. காது சூடாகியது. பிடித்துக்கொள்ள வேறொரு பிழையாவது வேண்டியிருந்தது.

"பன்னெண்டாம் பக்கத்துல வலது கையில்ல வளைஞ்சிருக்கு?"

அவர் இதழைப் புரட்டினார். "அட! கண்ணாடியில தெரிஞ்சத அப்படியே போட்டுட்டேன்." இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் சுந்தராம்பாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு அவர் ஃபைலிலிருந்து நாலாம் இதழின் முதல் பக்கத்தை எடுத்தார். கிணற்றில் விழுந்த பெண் மேலே கை நீட்டுகிறாள். கல்நத்தை குனிந்து கை கொடுக்கிறான். பழைய கையின் மேல் வெள்ளை மை அடித்து, புதிதாக ஒரு கை. ஸ்கேல் மாதிரி நேராக இருந்தது.

"நீங்க எழுதுனதப் பாத்துத் திருத்திட்டேன். சரியா இருக்கான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். சாயங்காலம் பிரஸ்சுக்குக் குடுக்கணும்."

"தப்புங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன். பழைய கையவே போடுங்க."

"சிரிப்பாங்க மேடம்."

"சிரிக்க வச்சது நான்தானே? இருங்க."

அங்கேயே நின்று செல்போனில் தட்டினாள்: "தினமும் நாற்பது கை பார்க்கிறவள் நேற்று ஒன்றைப் பார்க்கவில்லை. கல்நத்தையின் கை சரி, என் வரிதான் தப்பு. வில்லன் மட்டும் இன்னும் அதிகம்தான் பேசுகிறான்."

அவர் படித்துப் பார்த்தார். "வில்லன வுடவே மாட்டீங்களா?"

"மாட்டேன்."

வெள்ளை மையைச் சுரண்டினால் தாள் கிழியும். ஆகவே அவளே ஒரு துண்டு வெள்ளைத்தாளை வெட்டி அந்தக் கையின் மேல் ஒட்டினாள். என்ன வரைவது என்பது அவர் பாடு.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் வளைந்த கையை வரைகிறார், ஊரே கொண்டாடுகிறது. எனக்கே தித்திப்பு தாங்கவில்லை. இன்னொன்றில் அவர் ஏறிய பஸ் அரியலூரைத் தாண்டும்போது அந்த எட்டுக் கைப் படம் அவர் போனுக்கு மறுபடி வருகிறது, அவர் பேனாவை

(இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

பக்கத்தை உங்களிடமே தந்துவிடுகிறேன். கல்நத்தையின் தோளுக்குக் கீழே வெறும் வெள்ளைத்தாள். கிணற்றுக்குள் அந்தப் பெண் கழுத்தளவு தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். வருகிற கை நேரா கோணலா என்றெல்லாம் அவள் பார்க்கப்போவதில்லை. கொஞ்சம் சீக்கிரம் வரையுங்கள்.