சங்கரம்மாளின் கூறு

கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கிடாக்கறியைக் கூறு போட்டிருந்தார்கள். வாழையிலையில் வீட்டுக்கு ஒரு கூறு. கொடைக்கு வரி பிரிக்கிற சுடலைக்கண்ணு மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலைக்கட்டாகக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை. அவன் பேரைக் கூப்பிட்டதும் அவன் பெண்டாட்டி சட்டியோடு எழுந்து போவாள்.

என் பக்கத்தில் சங்கரம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் கருத்தையா பம்பாய்க்குப் போனவன், போனவன்தான். அதிலிருந்து அவள் வீட்டுக்கு வரியும் கிடையாது, கூறும் கிடையாது. கொழுந்தன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வரும். அந்தக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கரிசலில் உளுந்தும் பாசியும் முளைத்த மட்டில் கருகிப்போயின. கொடையே வேண்டாம் என்று ஆம்பளைகள் கூடிப் பேசினார்கள். கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் அப்போது ஆப்பிரிக்காவுக்குக் கப்பலில் போகிற ஆர்டர். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடித்தது. சோற்றில் கை வைத்தால் மருந்து வாசம் வருகிற அளவுக்குப் பெட்டி அடைத்தோம். பேர் தெரியாத ஊரில் எவளோ ஒருத்தி எங்கள் குச்சியைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தாள். இங்கே அம்மனுக்கு மேளம் வந்தது. வரி அத்தனையும் எங்கள் கூலி, கூப்பிடுகிற பேர் மட்டும் ஆம்பளைகளுடையது.

சங்கரம்மாளும் வரியைக் கொண்டுபோய் நீட்டினாள். மேளக்காரருக்கு முன்பணம் கொடுக்க வழியில்லாமல் நின்ற சுடலைக்கண்ணு மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். "எம் பேரச் சொல்லித்தான் கூப்பிடணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

"கருத்தையா வீடு!"

அவள் அசையவில்லை.

"கருத்தையா பொஞ்சாதி! ஏ தாயி, காது கேக்கலயா?"

"ஏட்டி, என்ன செய்யுத? போயி வாங்கு. கறியில பேரா எழுதியிருக்கு?" என்றேன்.

"ஏட்டி வெயிலு, வரி குடுத்தது நானு. பம்பாய்ல இருக்கவனக் கூப்பிட்டா அவன்தான் வரணும். அவிய என்னயக் கூப்பிடட்டும், இங்கனதான் இருக்கேன்." எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள்.

கொழுந்தன் எழுந்து, "நான் வாங்கித் தாரேன் மதினி" என்று இலைப்பக்கம் குனிந்தான்.

"அதத் தொடாதீய கொழுந்தனாரே."

அவன் கை நின்றுவிட்டது. சுடலைக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்தார். கோயிலைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த முக்கால்வாசிப் பேர் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள். வருகிற வருஷமும் கொடை உண்டல்லவா? அவர் தொண்டையைச் செருமியது ஊர் முழுக்கக் கேட்டது.

"சங்கரம்மா தலைக்கட்டு!"

அவள் எழுந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள். தினமும் பஸ்ஸுக்கு விழுந்தடித்து ஓடுகிறவள், அன்றைக்கு அத்தனை நிதானமாக நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அடுத்து, அழகிரிசாமி வீடு!"

என் வீட்டுக்காரர் பேர். பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டேன். அப்படியே உட்கார்ந்து சட்டியை மடியில் கவிழ்த்தேன்.

"அழகிரிசாமி வீடு!"

ஆம்பளைகள் நடுவிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். நான் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.