ஆறாவது மாடியைக் காணோம்

கண்ணாடிக்காரர் பட்டியலை வாசித்து முடித்ததும், லிஃப்ட்காரன் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டான்.

"மச்சான், இன்னொரு தடவை படிங்க."

படித்தார். ஐந்து பாட்டுகள். ஐந்திலும் அது இல்லை.

அவர் அவனுடைய மனைவியின் அண்ணன். கடை அவருடையது. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கண் பரிசோதிக்கும் நாற்காலியில் பஸ் டிரைவர் கால் நீட்டிச் சாய்ந்திருந்தான். ஆறடி மூன்று அங்குலம். அதனால் எல்லோருக்கும் அவன் நெட்டை. ஃபிரேம் அலமாரிக்கு முன்னால் ஸ்டூலில் பல் டாக்டர் உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். மற்றவர்களுக்கு அப்படிச் செய்யாதே என்று புத்தி சொல்பவர் அவர்தான்.

நால்வரையும் சேர்த்து வைத்தது 'ஒன்பதாம் மாடி' என்ற ராக் குழு. குழுவுக்கு வயது நாற்பத்தொன்று. தலை நரைத்து, முட்டி தேய்ந்து, இன்னும் மேடை ஏறுகிறார்கள். அவர்களுடைய நல்ல பாட்டுகளைப் பற்றி இந்த நால்வருக்கும் பேச்சே கிடையாது. அவற்றை உலகமே பார்த்துக்கொள்கிறது. இவர்களுடைய சண்டையெல்லாம் சவலைப் பிள்ளைகளைப் பற்றித்தான். வருடத்துக்கு ஒருமுறை கூடி, மோசமான பாட்டுகளைப் பட்டியல் போட்டு, ஓட்டெடுத்து, அதில் ஒன்றை நீக்குவார்கள். நீக்கிய பாட்டை இன்னொரு உறுப்பினரின் காதுபடப் போடக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. ஒருமுறை டாக்டர் தன்னை மறந்து அப்படிப்பட்ட ஒன்றை முணுமுணுத்தார். அப்போது அவர் முன்னால் வாயைத் திறந்து படுத்திருந்தவன் நெட்டை. வாயில் பஞ்சு இருந்ததால் அவனால் ஆட்சேபிக்க முடியவில்லை. அந்த விவகாரம் அடங்க மூன்று மாதம் ஆனது.

ஒவ்வொரு வருடமும் பட்டியலில் முதலில் நிற்கும் பாட்டு ஒன்று உண்டு. 'லிஃப்ட் வேலை செய்யவில்லை.' பாடகர் கோபித்துக்கொண்டு போன சமயத்தில் டிரம்மரே பாடித் தொலைத்தது. ஆறு நிமிடம் நாற்பது விநாடி. ஒருவன் படியேறுகிறான். மாடிக்கு ஒரு சரணம். வேறொன்றும் நடக்காது. ஏழு வருடமாக அதை ஐந்தாவது உறுப்பினரான ஒருத்தி மட்டும் காப்பாற்றி வந்தாள். எதிரணியில் யாராவது இரண்டு பேரைப் பேசியே கவிழ்த்து, மூன்றுக்கு இரண்டு என்று ஜெயிப்பாள். கல்யாணமான பிறகு நான்கு வருடமும் அவள் புருஷனே அதற்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டான். லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு அந்தத் தலைப்பே பிடிக்கவில்லை.

பத்து மாதத்துக்கு முன்னால், நான்கு நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எல்லோரும் அவனிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலில் பேசினார்கள். ஆபீசில் மூன்று மாடிக்கு மேற்பட்ட கட்டடம் எதையும் அவனுக்குக் கொடுப்பதில்லை. அவன் சொல்லும் உப்புச்சப்பில்லாத ஜோக்குக்கெல்லாம் சிரித்தார்கள். இதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். இந்தப் பட்டியலைப் பொறுக்க முடியவில்லை. ஏழு வருடம் வாயால் ஜெயித்தவளுக்கு எட்டாவது வருடம் இரக்கத்தில் ஒரு வெற்றியா? அப்படி ஒன்றைக் கொடுத்திருந்தால் அவள் தட்டோடு தூக்கி எறிந்திருப்பாள்.

"நான் ஒண்ணு சேர்க்கிறேன்," என்றான். "லிஃப்ட் வேலை செய்யவில்லை."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்காரர் ஒரு லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த லென்ஸ்.

"எதிர்த்து யார் பேசுறீங்க? நான் ஆதரிச்சுப் பேசுறேன்."

"எதுக்குத் தம்பி," என்றார் டாக்டர். "நல்ல பாட்டுதானே."

"போன வருஷம் அதைக் கேட்டா பல்லு கூசுதுன்னு சொன்னீங்க."

"அது போன வருஷப் பல்லு."

"எனக்கும் இப்பல்லாம் பிடிச்சுப்போச்சு," என்றான் நெட்டை.

"எந்த இடம்?"

நெட்டை கூரையைப் பார்த்தான். "ஆரம்பம்."

"ஆரம்பத்துல பதினெட்டு செகண்ட் வெறும் செருப்புச் சத்தம்."

"அதான். அந்தச் செருப்பு."

லிஃப்ட்காரனுக்கு எரிச்சலாக வந்தது. பத்து மாதத்தில் எரிச்சல்கூட வந்ததில்லை. இவர்கள் பேசாவிட்டால் ஓட்டெடுப்பு வெறும் சடங்கு. பாட்டு பிழைத்தாலும், அது பாட்டுக்காகவா தனக்காகவா என்று ஆயுசுக்கும் தெரியாது. யாரையாவது சீண்டியே ஆக வேண்டும். மச்சானின் பலவீனம் எது என்று அவனுக்குத் தெரியும்.

"உண்மையைச் சொல்லணும்னா, மச்சான் உயிரை விடுற 'உப்புக் காற்று' பாட்டு இருக்கே, அதெல்லாம் இந்தப் பாட்டுக்குக் குடை பிடிக்கக்கூட லாயக்கில்ல."

லென்ஸ் துடைப்பது நின்றது.

"மாப்ள, வேணாம்."

"அந்த கிட்டாரைக் கேட்டா, பூனை வால் கதவுல மாட்டின மாதிரி இருக்கு."

"வேணாம்னு சொல்றேன்!"

"உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கு மச்சான். காதைத்தான் யார்கிட்டயாவது காட்டணும்."

கண்ணாடிக்காரர் எழுந்தார். நாற்காலி பின்னால் போய் அலமாரியில் இடித்தது. பத்து ஃபிரேம்கள் ஒன்றாகக் குலுங்கின.

"எதுடா பாட்டு? அதுவா பாட்டு? மாடிக்கு மாடி நின்னு பால் கணக்கு சொல்ற மாதிரி, ஒண்ணாவது மாடி, ரெண்டாவது மாடி! அதையாவது ஒழுங்கா சொன்னானா? அஞ்சுக்கு அப்புறம் ஏழு! ஆறாவது மாடி எங்கடா? விழுங்கிட்டானா?"

டாக்டர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "அதை நானும் கேக்கணும்னுதான் இருந்தேன்."

ஆக, சண்டை வந்துவிட்டது. லிஃப்ட்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆறாவது மாடியில அவனுக்கு வேண்டிய யாரோ குடியிருந்தாங்க. அதைச் சொல்ல முடியாம தாண்டிப் போறான். அதனாலதான் அந்தச் சரணம் இல்ல."

கண்ணாடிக்காரர் கையை ஆட்டினார். "டேப்பை வெட்டி ஒட்டுறப்போ ஒரு துண்டு விழுந்துபோச்சு. அதுக்கு ஒரு காவியம். அதுவும் இது என் தங்கச்சி வாதம். ஏழு வருஷம் கேட்டாச்சு. உனக்குன்னு ஒரு வாதம் இருக்கா?"

இல்லை. அவள் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பிக்க அவனால் முடியும். அதற்கு மேல் கையில் ஒன்றும் இல்லை. மூன்று பேரும் காத்திருந்தார்கள். டாக்டரின் முகத்தில் அந்த ஆஸ்பத்திரி வராந்தா மறுபடி வரப் பார்த்தது. அதைக் கண்டதும் அவன் வாய்க்கு வந்ததைப் பேசினான்.

"நான் படி ஏறுறவன். லிஃப்ட் நின்னுபோனா எனக்கு ஏது லிஃப்ட்? பன்னிரண்டு கிலோ பையோட நடந்துதான் மேல மோட்டார் ரூமுக்குப் போகணும். நாலு வரைக்கும் எண்ணுவேன். அஞ்சுல மூச்சு வாங்கும். ஆறுல எண்ண மாட்டேன். எண்ணலங்கிறதே தெரியாது. ஏழுல கதவு நம்பரைப் பார்த்தப்புறம்தான் தெரியும், ஏழு வந்துடுச்சுன்னு." சொல்லிக்கொண்டே போகையில் அவனுக்கே அது உண்மை என்று பட்டது. "ஆறுல யாரும் குடியிருக்கல. அவனுக்கு மூச்சு முட்டிடுச்சு, அவ்வளவுதான். அவ சொன்னது தப்பு."

கண்ணாடிக்காரரின் முகம் மாறியது.

"யார் தப்பு?"

"உங்க தங்கச்சி."

"அவ தப்பா? அந்தப் பாட்டை முந்நூறு தடவை கேட்டவடா அவ! அந்த இடத்துல டிரம்ஸ் மெதுவாகுதே, அது எதுக்கு? கதவு பக்கமா மெதுவா நடக்கிறான்!"

"அண்ணே," என்றான் நெட்டை, "நீங்க இப்ப எந்தக் கட்சி?"

"பாட்டு குப்பைதான். ஆனா குப்பையிலயும் அவ சொன்னது சரி!"

இதைத் தீர்க்க வாய் போதாது என்று டாக்டர்தான் சொன்னார். படியேறிப் பார்த்துவிட வேண்டும். மூன்று தெரு தள்ளி ஒரு ஆபீஸ் கட்டடம். சரியாக ஒன்பது மாடி. அதன் லிஃப்ட் அவன் கம்பெனிப் பொறுப்பு. காவலாளிக்கு அவனைத் தெரியும். "ஞாயித்துக்கிழமை ரிப்பேரா?" என்று கேட்டதற்கு, "ஒரு சின்ன சோதனை," என்றான் லிஃப்ட்காரன். பொய்யில்லை.

நிபந்தனை எளிது. மனதுக்குள் மாடியை எண்ண வேண்டும், கதவு நம்பரைப் பார்க்கக் கூடாது. லிஃப்ட்காரன் எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் சொல்ல வேண்டும். வழியெல்லாம் பேசிக்கொண்டே போகவும் வேண்டும். பாட்டில் வருபவன் பாடிக்கொண்டேதானே போகிறான்.

முதல் மாடி வரை கண்ணாடிக்காரர் முன்னால் போனார். இரண்டாவதில் நடுவில் வந்தார். மூன்றாவதில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, "நீங்க போங்க, நான் ஷூ லேஸ் கட்டிட்டு வர்றேன்," என்றார். அவர் போட்டிருந்தது செருப்பு.

மற்ற மூவரும் ஏறினார்கள். நெட்டை தன் ரூட்டில் தினமும் ஏறும் ஒரு கிழவர், டிரைவர் சீட்டையே வெறித்துப் பார்ப்பதைப் பற்றிச் சொன்னான். பாதிக் கதையில் மூச்சு வாங்கியது. கிழவர் முன்னாள் டிரைவர் என்று முடிப்பதற்குள் இரண்டு திருப்பம் தாண்டிவிட்டது.

லிஃப்ட்காரன் நின்றான். "இப்ப எத்தனையாவது?"

"ஆறு," என்றான் நெட்டை.

"ஏழு," என்றார் டாக்டர்.

கதவில் ஏழு என்று இருந்தது. நெட்டை கிட்டே போய் அந்த எண்ணைத் தடவிப் பார்த்தான்.

"டேய்! ஆறைத் தாண்டினதே எனக்குத் தெரியலடா! யாரோ பிடுங்கிட்டுப் போன மாதிரி இருக்கு!"

"நான் விரலை மடக்கி எண்ணினேன்," என்றார் டாக்டர். மூச்சு இரைக்கவில்லை. "தம்பி, ஒண்ணு யோசி. பாடுறது யார்? டிரம்மர். ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நாற்பது வருஷமா எண்ணுறதுதான் அவன் பொழப்பு. அவனுக்கா எண்ணிக்கை தப்பும்?"

அது நல்ல அடி. லிஃப்ட்காரனுக்கு அடிபட்ட இடம் சுகமாக இருந்தது.

ஒன்பதாவது மாடியில் கண்ணாடிக்காரர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். சட்டை கசங்கவில்லை.

"லிஃப்ட் வேலை செய்யுது," என்றார்.

நெட்டை அவரை அடிக்கப் போனான். டாக்டர் நடுவில் புகுந்து, ஓட்டெடுப்பை அங்கேயே வைத்துவிடலாம் என்றார். நீக்க நினைப்பவர்கள் ஒற்றைக் கண்ணை மூட வேண்டும். கண்ணாடிக் கடை வழக்கம் அது. மூன்று எண்ணியதும் டாக்டர் உள்ளங்கையால் இடக் கண்ணை மூடினார், கண்ணாடிக்காரர் வலக் கண்ணை மூடினார். நெட்டை இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்திருந்தான். லிஃப்ட்காரனும் அப்படியே. அந்தப் பாட்டுக்கு ஆதரவாக அவன் போட்ட முதல் ஓட்டு.

இரண்டுக்கு இரண்டு.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழு வருடத்தில் சமநிலை வந்ததே இல்லை. ஐந்து பேர் இருந்தவரை வருவதற்கு வழியும் இல்லை. அதற்கு என்ன விதி என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

கண்ணாடிக்காரர்தான் வாயைத் திறந்தார். "அவ இருந்திருந்தா மூணு."

"இருந்திருந்தா பாட்டுக்கு ஓட்டுப் போட்டிருப்பா," என்றான் லிஃப்ட்காரன். "என் காரணத்தைக் காறித் துப்பியிருப்பா."

"பின்ன? மூச்சு முட்டிச்சாமே, மூச்சு! ஒரு வாரம் உன்னோட பேசியிருக்க மாட்டா அவ."

"ரெண்டு நாள்தான். மூணாவது நாள் அவளே இன்னொரு வாதத்தோட வந்துடுவா."

கண்ணாடிக்காரர் சிரித்தார். சிரித்து, மூக்கைத் துடைத்து, மறுபடி கோபத்துக்குத் திரும்பினார். "அதெல்லாம் சரி. சமம்னா நீக்கம்தான். ஜெயிக்காத பாட்டு தோத்த பாட்டு."

"அதெப்படி?" என்றான் நெட்டை. "நீக்கத்தான் மூணு ஓட்டு வேணும். ரெண்டு வச்சு எப்படி நீக்குவீங்க?"

"எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதலையே, அதான் கேக்கிறேன்!"

நான்கு பேரும் லிஃப்டில் ஏறினார்கள். எட்டாவது மாடியில் டாக்டர் மறுவாக்கெடுப்பு கேட்டார். ஐந்தாவதில் நெட்டை ஐந்தாவது ஆள் ஒருவரைச் சேர்க்கலாம் என்றான். அதற்கு ஒரே நேரத்தில் மூன்று பேரும் "வேணாம்" என்றார்கள். மூன்றாவதில் கண்ணாடிக்காரர், லிஃப்ட்காரனுக்கு ஓட்டே கிடையாது, கட்சி மாறியவன் என்று ஒரு புது விதியைக் கண்டுபிடித்தார். கீழே வந்ததும் கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு மூடியது. வெளியே காவலாளி பொத்தானை அழுத்த, மறுபடி திறந்தது.

"அப்ப தங்கச்சி கட்சிக்கு மாறின நீங்க யாரு மச்சான்?"

"நீ வாயை மூடு மாப்ள. எத்தனை வருஷம் அவளுக்கு எதிரா கண்ணை மூடின? வாயை மூடு முதல்ல!"

பத்து மாதத்தில் யாரும் அவனிடம் சொல்லாத வார்த்தை அது. அவன் மூடவில்லை.