நாலு பேர் பால்

கோபப்பட்டால் பால் வற்றிவிடும் என்று முதல் மூன்று நாட்களில் பதினோரு பேர் என்னிடம் சொன்னார்கள். எண்ணிக்கொண்டே வந்தேன். வார்டைக் கூட்டுகிற அம்மா சொன்னார். லிஃப்டில் ஏறிய யாரோ ஒரு மாமா சொன்னார். என் வீட்டுக்காரர் போனில் சொன்னார். வராத பால் எப்படிங்க வற்றும் என்று அவரிடம் கேட்டேன். "சரி சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கே மாட்டிக்கொள்வோம் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

என் மகன் பதினோரு வாரம் முந்திப் பிறந்துவிட்டான். ஒரு கிலோ நாற்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள், என் உள்ளங்கையில் அடங்கிவிடுகிற முதுகோடு, மூக்கில் ஒரு குழாயும் வாயில் ஒரு குழாயுமாகக் கிடந்தான். அவனுக்குப் பெயர் வைக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதையும் யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் அவனை 'கிலோ' என்று கூப்பிட ஆரம்பித்தாள். "நம்ம கிலோ இன்னிக்குக் கொட்டாவி விட்டான்டி. பெரிய ஆபீசர் மாதிரி."

டாக்டர் நின்றபடியே விளக்கினார். "குடல் இன்னும் பக்குவப்படலம்மா. பவுடர் பால் குடுத்தா குடல் புண்ணாகிற ஆபத்து இவ்ளோ சின்னக் குழந்தைங்களுக்கு ஜாஸ்தி. தாய்ப்பால்தான் வேணும். உங்களுக்கு நல்லா வர்ற வரைக்கும் குறையறதை பால் வங்கில இருந்து எடுத்துக்கலாம். இப்போதைக்கு ஒரு நாளைக்கு இருபது மில்லி." இருபது என்ற எண் மட்டும் என் தலையில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

பால் வங்கி என்பது வார்டுக்குப் பின்னால் இரண்டு அறை. தேவைக்கு மேல் பால் சுரக்கிற தாய்மார்கள் அங்கே கொடுப்பார்கள். முதலில் அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை. பிறகு நாலு பேர் பாலை ஒன்றாகச் சேர்த்து, கிருமி சாகிற அளவுக்கு மட்டும் சூடாக்கி, குளிரவைத்து, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். இதெல்லாம் சம்மதப் படிவத்தில் இருந்தது. நாலு பக்கமும் படித்தேன். எங்கள் வீட்டில் படிவம் என்று எது வந்தாலும் அது என் தலையில்தான். அப்பா லாரி செட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு வெளுக்கிறாள். வீட்டில் முதல் பட்டதாரி நான். தெருவில் பாதி வீட்டுக்கு ரேஷன் முதல் ஓய்வூதியம் வரை நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட என் கை வரவில்லை.

காரணம் இதுதான். பள்ளிக்கூடத்தில் எனக்கு வருஷாவருஷம் இலவச நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். மேடையில் ஏறி, குனிந்து வாங்கி, போட்டோவுக்குத் திரும்பி நிற்க வேண்டும். நோட்டின் அட்டையில் கொடுத்தவர் பெயரும் படமும் முக்கால் பக்கத்துக்கு இருக்கும். என் பெயரை எழுத அடியில் ஒரே ஒரு கோடு. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி யாரிடமும் எதையும் சும்மா வாங்குவதில்லை என்று. இப்போது என் பிள்ளைக்கு முதல் சோறே சும்மா வாங்கிய சோறா?

"போடுடி கையெழுத்த" என்றாள் அம்மா. "பசிச்ச வயித்துக்கு யார் வீட்டுப் பால்னு தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்கா பசிக்குது?"

போட்டேன். அன்று மாலை முதல் குப்பி வந்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொடுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. ஒரு எண் இருந்தது. அதன்மேல் பெரிய எழுத்தில் என் குழந்தைக்கு என்று, என் பெயர் போட்டு எழுதியிருந்தது. ஒரு நிமிஷம் எனக்குத் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

பால் எடுக்கும் அறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கை கழுவும் தொட்டி, ஒரு கடிகாரம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய் உட்கார வேண்டும். மெஷின் விக்கல் எடுப்பது மாதிரி இழுக்கும். இருபது நிமிஷம் இழுத்தால் எனக்கு ஒன்றரை மில்லி, மிஞ்சினால் இரண்டு. குப்பியின் அடி நனையும், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலிக்காரிக்கு அதே இருபது நிமிஷத்தில் குப்பி நிறைந்து, அடுத்த குப்பி பாதி. பஸ் கண்டக்டர் வேலை. வார்டில் எல்லோருக்கும் அவர் கண்டக்டரக்கா. குரலும் அப்படித்தான். பால் இறங்க இறங்க அதனோடு பேசுவார். "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி எடம் காலியாத்தான் இருக்கு." மற்ற இரண்டு பேரும் தையல் வலிக்க வலிக்கச் சிரிப்பார்கள். அவருடைய பெண் குழந்தை இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குப் போகிற நாளுக்குக் காத்திருந்தார். மிஞ்சிய பாலை வங்கியில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை என் குப்பியை எட்டிப் பார்த்து, "ஏன் தங்கச்சி, உன் ஸ்டாப்ல ஒரே ஒரு ஆள்தான் நிக்கறாரா?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "உங்க பஸ் ஃபுல்லுன்னா ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போய்க்கிட்டே இருங்க. எதுக்கு இங்க நிறுத்தி நிறுத்திக் காட்டறீங்க?"

அவர் மூடியை இறுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கோபம் தீர்ந்தபின் எனக்கு எப்போதும் வருகிற அந்தக் கசப்பு அன்றும் வந்தது. ஆனால் எழுந்து பின்னாலே போகவில்லை. போகிற ஜாதி இல்லை நான்.

அதற்குப் பதில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சொல்லப்போனால் காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிட்ட முட்டாள்தனம். சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் ஐந்தாவது: ஒவ்வொரு முறை எடுக்கும் பாலுக்கும் தனிக் குப்பி, தனி லேபிள், குளிர்ந்த பாலின் மேல் புதுப் பாலை ஊற்றக் கூடாது. எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் என் பிள்ளைக்கென்று எடுத்துவைக்கச் சொல்லி அடி நனைந்த குப்பியைப் பால் வங்கி ஜன்னல் வழியாக நீட்டுவது, வெற்று விடைத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போவது மாதிரி இருந்தது. அதனால் ஐந்து மணிப் பாலை வார்டு ஃபிரிட்ஜில் வைத்து, எட்டு மணிப் பாலை அதன் மேலேயே ஊற்றினேன். பதினோரு மணிப் பாலையும், பிறகு இரண்டு மணிப் பாலையும் அப்படியே. நாலு தடவை. எட்டு மில்லி. பார்க்க லட்சணமாக இருந்தது. லேபிளில் 'மதியம் 2.00' என்று எழுதி ஜன்னலில் நீட்டினேன்.

ஜன்னலுக்கு உள்ளே லேபிள் அக்கா. வங்கியைக் கவனித்துக்கொள்கிறவர். லேபிள் இல்லாத டீயைக்கூட வாங்க மாட்டார், வீட்டுக்காரர் நெற்றியிலும் தேதி போட்டு ஒட்டியிருப்பார் என்று நர்சுகள் சொல்லிச் சிரிப்பார்கள். குப்பியை வாங்கியதும் விரல்களுக்கு நடுவே பிடித்து மேலும் கீழும் தடவினார்.

"மேல வெதுவெதுன்னு இருக்கு, கீழ சில்லுன்னு இருக்கு. எத்தனை தடவம்மா ஊத்தின?"

பொய் சொல்லியிருக்கலாம். மிக்ஸி, கிரைண்டர் விற்கிற கம்பெனியில் புகார் பிரிவில் வேலை எனக்கு. 'நான் தொடவே இல்லைங்க, அதுவா உடைஞ்சிடுச்சு' என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். அந்தக் குரல் என் வாயிலிருந்து வருவதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

"நாலு" என்றேன்.

மூடியைத் திருகினார். தொட்டியில் கவிழ்த்தார். குழாயைத் திறந்துவிட்டார். எட்டு மில்லி போவதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

கத்திவிட்டேன். ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மஞ்சள் டேப் ஒட்டிய பன்னிரண்டு பாட்டில் வரிசையாக நின்றதைக் கண்ணால் பார்த்தபடி கத்தினேன். "அங்க அவ்ளோ பால வெச்சுக்கிட்டு என்னோடத கொட்டறீங்க! குடுக்கறதுக்கு வெச்சிருக்கீங்களா, கண்காட்சிக்கு வெச்சிருக்கீங்களா?"

"கத்து, கத்து" என்றார் அவர் நிதானமாக. "மஞ்சள்னா ரிசல்ட் வரலைன்னு அர்த்தம். நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சு வீட்டுல குடுக்கலாம். இங்க நெனப்பெல்லாம் செல்லாது. ரிசல்ட் வந்த பால்னு என் கையில இருக்கறது ஒரே பாட்டில். மூணு குழந்தைக்கு. நாளைக்குக் காலைல வரைக்கும் இழுக்கலாம். பத்து மணிக்கு லேப்ல சொல்வாங்க."

"கெட்டுப்போச்சுன்னு சொன்னா?"

"பன்னெண்டும் தொட்டியில."

"அப்புறம்?"

"அப்புறம் டாக்டர்தான் முடிவு பண்ணணும்." பவுடர் டப்பா என்ற வார்த்தையை இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அப்படிப் பண்ணின? படிச்ச பொண்ணு. போர்டு பாத்திருப்பியே?" என்று கேட்டார்.

"ரெண்டு ரெண்டு மில்லியா எப்படிக் குடுக்கறது? அசிங்கமா இருந்துது."

"உன் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்ளோன்னு சொன்னாங்க?"

"இருபது."

"எத்தனை வேளை?"

"ரெண்டு மணிக்கு ஒருக்கா. பன்னெண்டு."

"வகுத்துப் பாரு."

நின்றேன். வகுத்தேன். கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கியவள், மூன்று நாளாக இந்த ஒரு கணக்கைப் போடவில்லை.

"ரெண்டு மில்லிகூட வரல" என்றார் லேபிள் அக்கா. "நீ அசிங்கம்ங்கறியே, அது அவனுக்கு இலை போட்டு ஒரு முழுச் சாப்பாடு. காலைலருந்து நாலு சாப்பாட்டை வெச்சுக் கெடுத்திருக்க. ஒரு சொட்டு வந்தாலும் தனியா கொண்டா. நான் சிரிக்க மாட்டேன். எனக்குச் சிரிக்க நேரமும் இல்ல." ஒரு கை நிறையக் காலிக் குப்பிகளை எடுத்து என் முந்தானையில் போட்டார்.

அன்று அதன்பிறகு ஒவ்வொரு முறையும் தனியாகக் கொண்டுபோனேன். ஒன்றரை. இரண்டு. ஒருமுறை ஒன்று. ஒவ்வொன்றையும் அவர் இரண்டு கையாலும் வாங்கி, நேரத்தைச் சரிபார்த்து வைத்தார்.

மறுநாள் காலை டாக்டர் அவன் வயிற்றை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். "மெத்துனு இருக்கு. நல்லா ஏத்துக்கறான். இன்னைலருந்து டபுள் பண்ணலாம், நாப்பது." சந்தோஷப்பட வேண்டிய செய்தி. இந்த முறை உடனே கணக்குப் போட்டேன். நான் எட்டுத் தடவை உட்கார்ந்தாலும் பதினாறுதான் தேறும். மீதி இருபத்து நாலும் அந்த மஞ்சள் டேப்புக்குப் பின்னால் இருந்தது.

ஒன்பதரைக்கே ஜன்னலில் போய் நின்றேன். அம்மாவும் வந்து நின்றாள். அவள் சாமி கும்பிடுகிறவள் இல்லை. என்றாலும் கையைக் கோத்து வயிற்றோடு வைத்திருந்தாள். பத்து அடித்தது. பத்தேகால் ஆயிற்று. பத்து இருபதுக்குப் போன் அடித்தது.

"ம்" என்றார் லேபிள் அக்கா. "ம். நம்பர் சொல்லுங்க. ம். இன்னொரு தடவை சொல்லுங்க." எழுதினார். வைத்தார். அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தார். முதல் பாட்டிலின் மஞ்சள் டேப்பை நகத்தால் நெருடி உரித்தார். டிராயரிலிருந்து பச்சை டேப்பை எடுத்தபோதுதான் அம்மா பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். "போதும்டி, உக்காரு" என்றாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணி வேளைக்கு நர்ஸ் என்னைக் கூப்பிட்டு ஊசி போடுகிற சிரிஞ்சைக் கையில் கொடுத்தார். ஊசியும் இல்லை, தள்ளுகிற தண்டும் இல்லை. வெறும் குழல். அதன் நுனி அவன் வாய்க்குழாயோடு சேர்ந்திருந்தது. "தூக்கிப் பிடிங்க. அழுத்த வேணாம். அதுவா எறங்கும்." மூன்று மில்லி சொச்சம். அதில் பாதி என்னுடையது, பாதி நாலு பேருடையது. மயிரிழை மயிரிழையாக இறங்கியது. கடைசிச் சொட்டு போகும்போது அவன் நாக்கைச் சுழற்றிச் சப்பிக் காட்டினான். வாயில் ருசியே படாதே, எதைச் சப்புகிறான் என்று நர்ஸ் சிரித்தார். "சாப்பாட்டு ராமன்" என்றாள் அம்மா, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

வெளியே வந்தபோது கண்டக்டரக்கா வார்டு வாசலில் நின்றிருந்தார். தோளில் குழந்தை. பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் இரண்டு பையும் ஒரு வாளியுமாக. டிஸ்சார்ஜ் சீட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"அக்கா, நேத்து நான் பேசினது..."

"எது, ஹாரனா? இவர்கிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாரு. என்னைய ஒரு டிரிப்புக்கு அம்பது பேரு திட்டுவான், இவ்ளோ அழகா ஒருத்தனும் திட்டினதில்ல."

"இன்னிக்கு வந்த பால்ல உங்களோடதும் இருந்துதா?"

"எனக்கெப்படித் தெரியும்? எல்லாரோடதும் ஒண்ணா ஊத்திட்றாங்க. இருந்தாலும் இருக்கும்."

"எதுக்குக் குடுத்தீங்க?"

"இது என்னடி கேள்வி, போலீஸ் மாதிரி? வந்துது, குடுத்தேன். கீழயா ஊத்தறது?"

என் வேலையில் ஒரு நாளைக்கு நூறு தடவை 'தங்கள் அழைப்புக்கு நன்றி' என்று சொல்கிறேன். அந்த வார்த்தை தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. வீட்டில் நாங்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லி வழக்கமில்லை. சொன்னால் அம்மா நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்ப்பாள். தேங்க்ஸ் என்பது பஸ்ஸில் இடம் விட்டவருக்குச் சொல்வது. என்னிடம் கைவசம் வேறு எதுவும் இல்லை.

"அந்த நாலு பேர் யாருன்னு எனக்குச் சொல்ல மாட்டாங்க" என்றேன். "நீங்க ஒருத்தர்தான் கையில கெடச்சிருக்கீங்க. நாலு பேருக்கும் சேத்து உங்ககிட்டயே சொல்லிடறேன்."

"சொல்லு."

"என் பிள்ளை இன்னிக்குச் சாப்பிட்டான்க்கா. உங்களாலதான் சாப்பிட்டான்."

'அட, இதெல்லாம் ஒரு விஷயமா' என்று அவர் சொல்லவில்லை. 'நான் என்ன பண்ணிட்டேன்' என்றும் தள்ளவில்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, நான் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை அப்படியே நின்று, முழுசாக வாங்கிக்கொண்டார்.

"நல்லா சாப்பிடட்டும்" என்றார். "மத்தவங்களைப் பாத்தா நானே சொல்லிடறேன். யாருன்னு எனக்கும் தெரியாது, ஆனா சொல்லிடறேன்." பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டாகப் போகுது. உனக்கு டைம் இல்ல?"

இருந்தது. முந்தானையில் குப்பியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, தையல் வலிக்க வலிக்க, ஓட்டமும் நடையுமாகப் போனேன்.